‘எந்த ல?’ என்று கேட்டுவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பார்வையற்ற ஒருவருக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் பெயர் கொடுத்திருப்பதாக நேற்று நீ சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். “அவர் சொல்றதை எழுதணும், அவ்வளவுதானேக்கா?” என்று கேட்டாய். நானும் ஏதோ வேலை அவசரத்தில் “ஆமா, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. 11 வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு என்று சொல்லாமல் உன்னை அனுப்ப மனசு வரவில்லை.

நான் முதன்முதலில் எழுதியது ஒரு கல்லூரி மாணவிக்கு, வரலாற்றுத் தாள். கணீரென்று சொல்லிக்கொண்டு போனாள். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய பதிலில் வருஷத்தை 1798 என்றாள். எனக்கு 1789 என்று தெரியும். பாவம், வாய் தவறிவிட்டது போல என்று நினைத்து 1789 என்றே எழுதிவிட்டேன். நல்லது செய்ததாகத்தான் அப்போது எண்ணம்.

கடைசியில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“நான் அப்படியா சொன்னேன்?”

“இல்ல, 98ன்னு சொன்னீங்க. மாத்திச் சொல்லிட்டீங்களோன்னு...”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “அடிச்சிட்டு 98ன்னே எழுதுங்கக்கா. நான் பாஸானா, எழுத வந்தவங்க போட்ட மார்க்குன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது” என்றாள்.

சரியான பதிலை அடித்துவிட்டுத் தப்பான பதிலை எழுதினேன். கை நடுங்கியது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தாள்கள் எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறை பேனாவைத் திறக்கும்போதும் அந்தப் பெண்ணின் உயர்ந்த கை ஞாபகம் வரும். தப்பு என்று உனக்கு நன்றாகத் தெரிந்த பதிலையும் அழகான கையெழுத்தில் எழுத வேண்டியிருக்கும், தம்பி. இந்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான். விரல் வலியெல்லாம் மறுநாளே போய்விடும்.

எழுதுவதில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதாது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி வரும்போது உன் குரலைக் கவனி. சரியான விடைக்கு வரும்போது நமக்கே தெரியாமல் குரல் ஒரு நொடி தங்கும், இல்லாவிட்டால் லேசாக அழுத்தும். குரலை வைத்தே மனிதர்களை அறிந்து பழகியவர் அதைச் சட்டென்று பிடித்துவிடுவார். வேண்டாமென்றாலும் காதில் விழுந்துவிடுமே, அவர் என்ன செய்வார்? ஆகவே நான்கையும் ஒரே சீராக வாசி. வீட்டில் சத்தமாக வாசித்து ஒரு தடவை பழகிப் பார்.

உன்னுடையது தமிழ்த் தாள் என்றாய். அப்படியானால் இன்னொன்று. கலை, களை, கழை மூன்றும் அவசரமாகச் சொன்னால் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். எழுத்துப் பிழைக்கு மார்க் குறையும். சந்தேகம் வந்தால் நீயாக முடிவு செய்யாதே, “எந்த ல?” என்று கேட்டுவிடு. விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்ல் படித்தவர்கள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். பிரெய்லில் ல, ள, ழ மூன்றுக்கும் புள்ளிகள் வேறு வேறு. ஆறே ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து 63 வடிவங்கள். லூயி பிரெய்ல், சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர், 1824இல் தன் 15ஆம் வயதில் உருவாக்கிய முறை அது. நம் மொழிக்கும் அதே ஆறு புள்ளிகள் போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒருமுறை தேர்வு தொடங்கக் காத்திருந்த நேரத்தில், வேலைக்கான தேர்வு எழுத வந்திருந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: “நீங்க ‘கொ’ எப்படி எழுதுவீங்க?” பிரெய்லில் முதலில் க, அடுத்து ஒ. காதில் விழும் வரிசையிலேயே எழுத்தும் வரும். நான் அவர் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன். முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். இன்னொரு தடவை எழுதச் சொன்னார். “ஒரு சத்தத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு வச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தார். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் எழுத்தை அன்றுதான் நானும் சரியாகப் பார்த்தேன்.

முடிந்தால் தேர்வுக்கு ஒருநாள் முன்னாலேயே அவரைச் சந்தித்துவிடு. முற்றுப்புள்ளியை அவர் சொல்வாரா, நீ போடணுமா? கேள்வியை எத்தனை தடவை வாசிக்கணும்? எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை நேரம் சொல்லணும்? இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், கேட்டால்தான் தெரியும். கேள்வியோடு அதற்குரிய மார்க்கையும் சேர்த்து வாசி, அதை வைத்துத்தான் எவ்வளவு எழுதுவது என்று கணக்குப் போடுவார். படமோ அட்டவணையோ வந்தால் கண்ணில் தெரிவதை மட்டும் சொல், உனக்குப் புரிந்ததைச் சொல்லாதே. நடக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதே, உன் முழங்கையைக் கொடு, அவர் பிடித்துக்கொள்வார். எழுதுபவர் என்ன படித்திருக்கலாம், எவ்வளவு கூடுதல் நேரம் உண்டு என்ற விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறும். அதையும் முன்கூட்டியே விசாரித்துவிடு.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஒரு தேர்வில் எங்களுக்குப் பக்கத்து மேசைக்காரர், மடித்த வெள்ளைக் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருகிறேன் என்று சொன்ன ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. கண்காணிப்பாளர் யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தார். நான் இன்னொருவருக்கு எழுதிக்கொண்டிருந்தேன், எழுந்து போக முடியாது. முக்கால் மணி நேரம் கழித்து அவர் கோலை விரித்துக்கொண்டு வெளியே நடந்தார். படித்ததெல்லாம் தலைக்குள்ளேயே இருக்க, ஒரு வரிகூட எழுதாமல் போனார். அந்தக் கோல் தட்டும் சத்தம் நடைபாதையில் ரொம்ப நேரம் கேட்டது. சம்பளமில்லாத வேலைதானே, போகாவிட்டால் என்ன என்று ஒருவர் நினைத்ததன் விலை அது. உடம்பு முடியாமல் போகலாம், அது யாருக்கும் வரும். ஆனால் உனக்குப் பதிலாக வர ஒருவரை இன்றைக்கே சொல்லிவை.

“உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று அம்மா சொல்வாள். நல்ல மனசோடுதான் சொல்வாள், மறுத்துப் பேசாதே. ஆனால் நீ அப்படி நினைத்துக்கொண்டு போக வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி ஐ.நா. 2006இல் கொண்டுவந்த உடன்படிக்கையின் 24ஆம் பிரிவே, மற்றவர்களுக்குச் சமமாகக் கல்வி பெறுவது இவர்களின் உரிமை, அதற்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது. அவருக்குச் சேர வேண்டியது அவருக்குச் சேர நீ ஒரு கை கொடுக்கிறாய். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தானே கணினியில் தட்டச்சு செய்து தேர்வு எழுதிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். யாரையும் எதிர்பார்க்காமல் தனியாக வந்தார், முடித்தார், போனார். எல்லாத் தேர்வும் அப்படி ஆகிவிட்டால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. அதுவரைக்கும் பேனா வேண்டியிருக்கிறது.

ஒரே நிறத்தில் இரண்டு பேனா எடுத்துக்கொள். தேர்வு முடிந்ததும் கூப்பிடு, பேசலாம். அவர் எப்படி எழுதினார், எதை விட்டார் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. நானும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா