பாடத் தெரியாதவன் பாடிய பாட்டு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்தியாயிற்று என்று படித்ததும் சந்தோஷம். தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்திருப்பது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மாடிப்படி ஏறினால் எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பல்செட் கட்டியதிலிருந்து ஊத முடியவில்லை, ட்ரம்பெட்டைப் பரணில் போட்டுவிட்டேன் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதுதான் அன்றிலிருந்து மனசில் கிடந்து உறுத்துகிறது. அந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய படத்தை மறுபடி பார்த்தேன். உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

'ஒன் ஃப்ரம் தி ஹார்ட்'. அமெரிக்க இயக்குநர் கொப்போலா எடுத்து 1982-இல் வந்தது. கதை நடப்பது லாஸ் வேகாஸில். ஆனால் அந்தச் சூதாட்ட நகரத்தின் தெருக்களையும் விளக்குகளையும் விமான நிலையத்தையும் ஹாலிவுட்டில் தன் ஸ்டுடியோவுக்குள்ளேயே செட்டாகப் போட்டுவிட்டார் மனிதர். செலவு சுமார் 2.6 கோடி டாலர். அமெரிக்கத் தியேட்டர்களில் திரும்பி வந்தது 10 லட்சம்கூட இல்லை. கடனை அடைக்கவே அவருக்குப் பல வருஷம் ஆயிற்று.

கதை சின்னது. ஹேங்க் காயலான்கடை வைத்திருக்கிறான். ஃப்ரானி டிராவல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். சேர்ந்து வாழ ஆரம்பித்த அதே தேதியில், அந்த நாட்டுச் சுதந்திர தினத்தன்று, சண்டை போட்டுப் பிரிகிறார்கள். அவன் ஒரு சர்க்கஸ்காரப் பெண்ணோடும், அவள் பியானோ வாசிக்கும் ஒரு வெயிட்டரோடும் போகிறார்கள்.

ஆனால் மாப்ளே, அந்த இசை! எல்லாம் டாம் வெயிட்ஸ் என்ற பாடகர் எழுதியது. டெனர் சாக்ஸபோன் டெடி எட்வர்ட்ஸ், டிரம்ஸ் ஷெல்லி மேன், ட்ரம்பெட் ஜாக் ஷெல்டன். இந்த ஜாஸ்காரர்களின் பெயர்களை நீதானே முதலில் எனக்குச் சொன்னாய்? படத்தில் பெரும்பாலும் ஜோடி வாய் திறந்து பாடுவதில்லை, பின்னணியில் வரும் பாட்டு அவர்களுக்காகப் பேசுகிறது. அவன் பக்கம் வெயிட்ஸின் கரகரத்த குரல். அவள் பக்கம் கிரிஸ்டல் கேய்ல், கன்ட்ரி பாடகி, தெளிந்த தண்ணீர் மாதிரிக் குரல். நீ போட்டதையெல்லாம் பின்னாலேயே வந்து எடுத்துவைத்து அலுத்துவிட்டேன் என்று ஒரு டூயட்டில் இரண்டு பேரும் மாறி மாறிச் சலித்துக்கொள்கிறார்கள். வீட்டுச் சண்டையை அப்படியே மெட்டில் உட்காரவைத்திருக்கிறார் வெயிட்ஸ். ஒருவர் வரியை முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவார். வெறும் ஆத்திரமாக இருந்தால் இவ்வளவு நெருக்கமாக ஒட்டிப் பாட வராது என்று எனக்குப் பட்டது.

இந்தப் பட இசைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது ஹென்றி மான்சினி இசையமைத்த படத்துக்குப் போயிற்று. சரி, அது கிடக்கட்டும்.

கடைசியில் விமான நிலையம். ஃப்ரானி அந்தப் பியானோக்காரனோடு கிளம்புகிறாள். அவன் எனக்காகப் பாடுகிறான் என்கிறாள். ஹேங்க் ஓடி வருகிறான். பாட வந்தால் பாட மாட்டேனா, எனக்குப் பாட வராதே என்று கெஞ்சிவிட்டு, அத்தனை பேர் நடுவில் பாடுகிறான். குழந்தைகளுக்கு எல்லாம் தெரிந்த பழைய பாட்டு. சுருதி சேரவில்லை, குரல் உடைகிறது. அதுவரை அவனுக்காக எவ்வளவு பெரிய வித்வான்கள் வாசித்தார்கள்! இங்கே ஒருவரும் துணைக்கு இல்லை. அவள் விமானம் ஏறிப் போயும்விடுகிறாள். நான் அழுதுவிட்டேன்.

அப்புறம் அவள் வீட்டுக்குத் திரும்பி வருவது வேறு. அங்கே கேய்ல் பாடும் பாட்டு இரண்டு நிமிஷம்கூட வராது. அதையும் கேள், ஆனால் என் மனசு இன்னும் விமான நிலையத்தில்தான் நிற்கிறது.

மாப்ளே, பெட்டியைப் பரணிலிருந்து இறக்கு. வால்வுக்கு எண்ணெய் விடு. மேல் ஸ்தாயி வராவிட்டால் போகட்டும், கீழே நாலு சுரம் வந்தால் போதும். கச்சேரிக்காகக் கேட்கவில்லை. தை பிறந்ததும் நான் வருகிறேன், மொட்டைமாடியில் எனக்கு மட்டும் ஊதிக் காட்டு. காற்று பிசிறினாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

தங்கச்சிக்கு வேண்டிய கேழ்வரகு மாவை வரும்போது கொண்டுவருகிறேன்.

என்றும் உன்,
மாப்ளே