பருப்பு வேகாத தண்ணீர்

வள்ளியூர்,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று நாலு முறை எடுத்தேன். நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நான் "சாப்பிட்டியா" என்பேன், அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொள்வாள். விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

வண்டி ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ "இரும்புக் கடைக்குப் போட்டுருங்கப்பா" என்று சொன்ன அதே மாருதி 800. வெள்ளிக்கிழமை திருக்குறுங்குடி வரை போய் நம்பியைச் சேவித்துவிட்டுத் திரும்பினோம். இஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஊசி பாதியைத் தாண்டவில்லை.

காணும் பொங்கலன்று பாபநாசத்திலிருந்து திரும்பும்போது களக்காட்டுக்குப் பக்கத்தில் வாழைத் தோப்பு ஓரமாக வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றதே, அன்றைக்கு நான் பேசிய பேச்சு உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. "ஊசி ஏறினதும் நிப்பாட்டிட்டேன்ப்பா" என்று நீ மூன்று தரம் சொன்னாய். நான் நம்பவில்லை. டாட்டா ஏஸில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் விடாமல் பேசினேன்.

நீ ரயில் ஏறிப் போன மறுவாரம் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல் "இஞ்சினை இறக்கணும் சார், இருபதாயிரம் ஆகும்" என்றார். வண்டியின் விலையே அவ்வளவுதான். அப்புறம்தான் டிப்போ அண்ணாச்சியிடம் போனேன். உனக்குத் தெரியுமே, மேலத்தெருவில், அரசு பஸ் டிப்போவில் முப்பது வருஷம் இஞ்சின் பிரித்தவர். இப்போது முழங்கால் வலி, குனிய முடியாது. "நான் உக்காந்து சொல்லுதேன், சார்வாள் கழத்துங்க" என்றார். கணக்கு வாத்தியாராக இருந்தவன் அறுபத்தாறு வயதில் மாணவனானேன். தொழுவத்தில் மாடு போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அங்கேதான் வண்டியைத் தள்ளி நிறுத்தினோம்.

ஹெட் கேஸ்கெட், அதாவது இஞ்சினின் அடிப்பாகமான ப்ளாக்குக்கும் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கிற தகடு, அதுதான் போயிருக்கிறது என்று அவர் பிரிக்காமலே கண்டுபிடித்த விதம் அழகு. இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தண்ணீர் இன்னும் சுடக்கூட இல்லை, ஆனால் உலை கொதிக்கிற மாதிரி குமிழி வந்துகொண்டே இருந்தது. சிலிண்டரில் வெடிக்கிற வாயு தண்ணீர் ஓடுகிற பாதைக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினோம். இரண்டு கறுத்திருந்தன, நடு சிலிண்டர் பிளக் மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்து ஆவியாகி அதைக் கழுவியிருக்கிறது. ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார், ஆயில் மோர் நிறமாக மாறவில்லை, அதில் தண்ணீர் கலக்கவில்லை. "தப்பிச்சிய" என்றார்.

பிரிக்கிற வேலையை எல்லாம் விலாவாரியாக எழுதினால் நீ தூங்கிவிடுவாய். பேட்டரி வயரை எடுத்தேன், தண்ணீரை வடித்தேன், வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கிற டைமிங் பெல்ட்டின் குறிகளை நேராக்கி வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்றினேன். எது எங்கே இருந்தது என்று மறக்கக் கூடாதல்லவா, உன் கல்யாணப் பத்திரிகை மிச்சம் ஒரு கட்டு பரணில் கிடந்தது, அட்டை நல்ல கெட்டி. அதில் இஞ்சின் படம் வரைந்து, துளை போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. சைலன்சர் பக்கத்து நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. இரவெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் நட்டு மாட்டுகிற ஸ்டட் ஆணி ஒன்று முறிந்துபோனது. அது என் அவசரம்.

ஹெட்டைப் பிடித்திருப்பவை எட்டு போல்ட். ஒரே மூச்சில் ஒன்றைக் கழற்றிவிடக் கூடாது. இரண்டு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும். தளர்த்திய பிறகும் அது வரவில்லை. ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பப் போனேன், அண்ணாச்சி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த முகப்பில் ஒரு கீறல் விழுந்தால் புது கேஸ்கெட்டும் கசியுமாம். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் நாலு தட்டு தட்டியதும் 'சொத்' என்று விட்டது.

கேஸ்கெட்டில் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் விரல்கடை அளவுக்குக் கருகியிருந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அதற்குப் பக்கத்தில் இருந்தது. தண்ணீர் போகிற துவாரங்களைச் சுற்றி அலுமினியம் செல்லரித்த மாதிரி குழி குழியாக இருந்தது. துவாரங்களுக்குள்ளே வெள்ளையாய்க் காரை. விரலை விட்டுச் சுரண்டினேன், சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. கேஸ்கெட்டின் விளிம்பில் துரு ஏறிய தடம். "இது ஒரு நாள் சூட்டுல வந்தது இல்ல சார்வாள், மாசக்கணக்கா அரிச்சிருக்கு. என்ன தண்ணி ஊத்துதிய?" என்று கேட்டார்.

நம் போர் தண்ணீர். வேறென்ன.

காப்பி கொண்டுவந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "பருப்பு வேகாத தண்ணியவா வண்டிக்கு ஊத்துனிய?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கத்துத் தண்ணீர் உனக்குத் தெரியும். தாமிரபரணிக் கரையில் இருப்பவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இங்கே போர் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால் மூன்று விசிலுக்கும் விதை விதையாக நிற்கும். அதனால்தானே அம்மா சமையலுக்கென்று ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வருகிற நாளில் குடம் குடமாகப் பிடித்து வைக்கிறாள். வெந்நீர் அண்டாவின் அடியில் பாளம் பாளமாகப் படிந்திருக்கிற காரையை வருஷா வருஷம் நானே புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். அதே தண்ணீர் இஞ்சினுக்குள் நாள் முழுக்கக் கொதித்தால் என்ன ஆகும் என்று கணக்கு வாத்தியாருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கூலன்ட் என்பது பணக்காரர்கள் ஊற்றுகிற பச்சைச் சாயத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது துருவையும் அரிப்பையும் தடுக்கத்தான் என்பது இப்போதுதான் மண்டையில் ஏறியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளியிலிருந்தே வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெயில் என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். நீ சாவியை வாங்கும்போதும் அதைச் சொல்லவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனபோது கடைக்காரர் மேலே தண்ணீர் விட்டுக் காட்டினார். பாதிக் குழாய்கள் அடைத்துப்போய், கீழே நூலாக வந்தது. ஏசியைப் போட்டதனால்தான் வெடித்தது என்று உன்னைத் திட்டினேன். ஏசி போடாமல் நானே ஓட்டியிருந்தாலும் கோடைக்குள் நின்றிருக்கும்.

இனிதான் முக்கியமான இடம். ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, நேரான எஃகுப் பட்டையை அதன் முகப்பில் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் வைத்து, இடையில், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைக்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் லேத்துக்கு அனுப்ப வேண்டும். நான்தான் அளந்தேன். 0.05 தகடு நுழைந்தது. 0.08 இறுக்கமாக நுழைந்தது. 0.10 நுழையவே இல்லை. எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. அண்ணாச்சி தகட்டை வாங்கித் தானே ஒரு தரம் பார்த்தார்.

"தம்பி உடனே நிப்பாட்டியிருக்கான் சார்வாள். ஊசி ஏறின பொறவு ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா இது அப்பளம் கணக்கா வளைஞ்சிருக்கும்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தகட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஹெட்டை நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து முகப்பை மட்டமாக்கி, விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்து, முறிந்த ஸ்டட்டையும் எடுத்து வாங்கினேன். மாருதி 800 தயாரிப்பை 2014-இலேயே நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் கேஸ்கெட் செட் கேட்ட உடனே கிடைத்தது. சாமான், லேத், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம்தான் ஆனது. ப்ளாக் முகப்பைச் சுரண்டித் துடைக்க எனக்கு இரண்டு நாள். சிலிண்டருக்குள் தூசி விழாமல் பழைய வேட்டியைக் கிழித்து அடைத்தேன். போல்ட் குழிகளில் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் திரி போட்டு உறிஞ்சி எடுக்கச் சொன்னார். குழிக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, போல்ட் இறங்க இறங்க ப்ளாக்கே வெடித்துவிடுமாம்.

புது கேஸ்கெட்டை நான் தலைகீழாக வைத்துவிட்டேன். அதன் மேலேயே 'டாப்' என்று அடித்திருக்கிறது. "இங்கிலீசு தெரியாதா சார்வாளுக்கு?" என்று அண்ணாச்சி சிரித்தார். அப்படியே மூடியிருந்தால் ஆயில் மேலே ஏறுகிற துவாரம் அடைபட்டுப் போயிருக்கும். மாட்டும்போது போல்ட் வரிசை எதிர்மாறு. நடுவில் தொடங்கி, சுழி போட்ட மாதிரி வெளியே போக வேண்டும், அதையும் மூன்று தவணையாக. கை அளவில் முறுக்கினால் போதும் என்று நாலு பேர் சொன்னார்கள், கேட்கவில்லை. முறுக்கு அளவைக் காட்டுகிற டார்க் ரென்ச்சை லேத்காரரிடம் இரவல் வாங்கி, அது 'டக்' என்று சொல்லும் வரை முறுக்கினேன். பெல்ட்டை மாட்டிய பிறகு ஸ்டார்ட் பண்ணாமல் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி, என் வெள்ளைப் புள்ளிகள் அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். வந்தன.

பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினோம். பாதி கூலன்ட், பாதி பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர். அம்மாதான் சாவியைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் சைலன்சர் வெள்ளையாகப் புகைந்தது, உள்ளே மிச்சமிருந்த ஈரம். பிறகு நின்றுவிட்டது. மூடியைத் திறந்தபடியே விட்டு ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குமிழி இல்லை. கால் மணி கழித்து ஃபேன் தானாக ஓட ஆரம்பித்தது. அண்ணாச்சி கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. இனி நீ வரும்போது அவருக்கு ஒரு நல்ல முழங்கால் பட்டை வாங்கி வா.

உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு இந்த வண்டியில்தான் போகிறோம். லீவு கிடைத்தால் நீங்களும் வாருங்கள். ஸ்டேஷனுக்கு நான் வண்டியை எடுத்து வருகிறேன், அங்கிருந்து நீ ஓட்டு. ஏசி போட்டுக்கொள்.

இந்தக் கடிதத்தை மருமகளிடமும் படித்துக் காட்டு. அன்றைக்கு அவளை வைத்துக்கொண்டுதானே பேசினேன்.

அன்புடன்,
அப்பா