சாரதாவுக்கு, பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள சாரதா,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்குச் சித்திரையில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

இப்போது அவசரமாக எழுதவைத்தது, உன் அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்கிற உன் மகள்தான். சியாட்டிலிலிருந்து கூப்பிட்டு, "அம்மா நீந்தணும்கறாங்க ஆன்ட்டி. குழந்தைங்க சத்தம் இல்லாம, பெரியவங்களுக்கு மட்டும் இடம் இருக்கற கப்பலாப் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமை பணம் கட்டறேன்" என்றாள். பெயரைக் கேட்டு அந்தக் கப்பலின் டெக் பிளானை, அதாவது எந்த மாடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் படத்தைத் திறந்தேன். அந்த இடத்தில் இரண்டு ஹாட் டப், வரிசையாகச் சாய்வு நாற்காலி, ஒரு பார். குளமே இல்லை. அதற்குத் தனிக் கட்டணம் வேறு! முழங்கால் ஆபரேஷன் முடிந்து டாக்டர் நீந்தச் சொல்லியிருக்கிறவள், வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துவர அலாஸ்காவரை போவானேன்?

'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற சொல்லை நம்பாதே என்று அவளிடம் சொல். அது வயதைச் சொல்கிறதே ஒழிய தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வயதிலும் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு கணக்கு. ராயல் கரீபியனிலும் செலிபிரிட்டியிலும் சோலாரியம் என்ற பெரியவர்கள் பகுதிக்கு 16 வயது ஆனால் போதும். டிஸ்னியின் குவயட் கோவ் குளத்துக்கு 18. கார்னிவலின் செரினிட்டி என்ற பகுதிக்கு 21. ஆனால் அவர்களுடைய பல கப்பல்களில் அந்த இடத்தில் இருப்பது ஹாட் டப் மட்டும். நார்வீஜியனின் வைப் பீச் கிளப்புக்குத் தனிக் கட்டணம், குறைந்த எண்ணிக்கையில்தான் சீட்டு தருவார்கள், அங்கேயும் ஹாட் டப்தான். குழந்தைகளையே ஏற்றாத கப்பல்களும் உண்டு: வைக்கிங், வர்ஜின் வாயேஜஸ், பிரிட்டனில் பி அண்ட் ஓவின் ஆர்கேடியா, அரோரா. ஆனால் வர்ஜின் கப்பலில் குளம் சின்னது. ஆளில்லாத சின்னக் குளமும் சின்னக் குளம்தான்.

கப்பலில் குளம் ஏன் இவ்வளவு சிறியது என்று நீ கேட்பாய். கணக்குப் போட்டுப் பார். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 75 கன மீட்டர் தண்ணீர். அதாவது 75 டன், கடல் நீர் என்றால் இன்னும் இரண்டு டன் கூடுதல். பதினைந்து யானைகளை மொட்டைமாடியில் நிறுத்துவதற்குச் சமம். அந்த யானைகள் சும்மா நிற்பதும் இல்லை, கப்பல் சாயும்போதெல்லாம் அவையும் அந்தப் பக்கம் ஓடும். மேலே எடை ஏற ஏறக் கப்பலின் நிலைத்தன்மை குறையும். அதனால்தான் வடிவமைப்பவர்கள் குளத்தைச் சிறிதாக்கி, ஆழத்தைக் குறைத்து, மிச்ச இடத்தில் நாற்காலி போடுகிறார்கள். விதிவிலக்கு ஜெர்மானியர்கள். 2014-ல் வந்த மைன் ஷிஃப் 3-லும் அதற்கடுத்த சில கப்பல்களிலும் 25 மீட்டர் குளம் வைத்திருக்கிறார்கள். நாற்பது முறை போனால் ஒரு கிலோமீட்டர். 10 மீட்டர் குளத்தில் அதே தூரத்துக்கு நூறு முறை. அந்தக் கப்பலில் எல்லாம் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும், அது வேறு விஷயம்.

குளத்துத் தண்ணீர் கப்பலோடு ஆடுகிற ஆட்டத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உன் பயணத்துக்கு அதுதான் முக்கியம். 10 மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் ஆழமும் உள்ள தொட்டியில் தண்ணீர் ஒரு கோடிக்குப் போய்த் திரும்ப ஐந்தரை விநாடி ஆகும். கப்பலின் முன்பின் ஆட்டமும் அதே தாளத்துக்கு வந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதுபோல ஆகிவிடும். முதலில் தண்ணீர் விளிம்பை நக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கத்தில் தரை தெரிகிற அளவுக்கு வற்றி, மறுபக்கம் சுவர்போல எழுந்து நாற்காலிகளை நனைக்கும். உடனே பணியாளர்கள் நீர்மட்டத்தைப் பாதியாகக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் முழுவதும் வடித்துவிட்டு மேலே வலை கட்டிவிடுவார்கள். முன்பின் ஆட்டம் கப்பலின் நடுவில் குறைவு, இரு முனைகளிலும் அதிகம். படத்தில் பின்கோடியில் கடலைப் பார்த்துத் தொங்குகிற குளம் அழகாகத்தான் இருக்கும், உனக்கு வேண்டாம்.

சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் போகின்றன. குளத்துக்கு வலை விழும் நாள் என்றால் அநேகமாக அந்த முதல் கடல் நாளும் திரும்பிவரும் நாளும்தான். வான்கூவரிலிருந்து கிளம்புகிற கப்பல் தீவுக்கும் கரைக்கும் நடுவே போகும், தண்ணீர் பெரும்பாலும் தட்டுப்போல இருக்கும். மகள் வீட்டிலிருந்து வான்கூவருக்குக் காரில் மூன்று மணி நேரம்தான். கனடா விசா கையில் இருக்கிறதா என்பதை மட்டும் இப்போதே பார்.

அடுத்தது கூரை. அலாஸ்காவில் ஜூனிலும் மழையும் குளிரும் உண்டு. குளத்து நீரைச் சூடுபடுத்தியிருந்தாலும், வெளியே வந்து நாற்காலிவரை நடக்கிற இருபது அடியில் உடம்பு வெடவெடத்துவிடும். கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருக்கிற குளம்தான் வேண்டும். செலிபிரிட்டியின் சால்ஸ்டிஸ் வகைக் கப்பல்களில் சோலாரியம் குளம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. ராயல் கரீபியனின் குவாண்டம் வகையிலும் சோலாரியம் கண்ணாடிக்குள்தான், ஆனால் அது கப்பலின் முன்முனையில், படிப்படியாக இறங்குகிற குளங்களாக இருக்கிறது. உட்கார்ந்து கடல் பார்க்கச் சொர்க்கம், கை வீசி நீந்த இடம் போதாது. அதே நிறுவனத்தின் பழைய ரேடியன்ஸ் வகையில், 2001-ல் தொடங்கிய வரிசை, திறந்து மூடும் கூரையோடு ஒரே குளம். முனையிலும் இல்லை. வான்கூவரிலிருந்து போவதும் உண்டு. என்னைக் கேட்டால் உனக்கு அதுதான். ஹாலந்து அமெரிக்காவிலும் நடுவில் கூரைபோட்ட குளம் இருக்கிறது, ஆனால் அது எல்லாருக்கும் பொது.

டெக் பிளானில் குளத்தின் அளவு போட்டிருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. அறைகள் இருக்கிற கீழ்மாடிப் படத்தை அதன்மேல் பொருத்திப் பார்க்கச் சொல். சாதாரண அறையின் அகலம் சுமார் இரண்டே முக்கால் மீட்டர். குளம் எத்தனை அறை நீளத்துக்கு வருகிறது என்று எண்ணினால் உத்தேசமாகத் தெரிந்துவிடும். நான்கு அறைக்குக் குறைவென்றால் விட்டுவிடலாம். வளைந்து நெளிந்த குளத்தில் உதைத்துத் திரும்பச் சுவர் கிடைக்காது, நீள்சதுரம்தான் நல்லது.

தண்ணீர்ச் சுத்தம் பற்றி உன் வீட்டுக்காரர் நிச்சயம் கேட்பார். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம், சிடிசி, முன்னறிவிப்பில்லாமல் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் தேறாது. அறிக்கை பொதுவில் கிடைக்கும். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், குளம் பற்றிய குறைகளைத் தேடிப் படிக்கச் சொல். குளோரின் குளத்தில் குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), ஹாட் டப்பில் 3 இருக்கவேண்டும். டயப்பர் குழந்தைகளைக் குளத்தில் இறக்கக்கூடாது என்பதும் அவர்கள் விதிதான். தண்ணீரில் வயிற்றுப்போக்கு ஏதாவது நேர்ந்தால் 20 பிபிஎம் குளோரினில் ஏறக்குறைய 13 மணி நேரம் வைக்கவேண்டும். காரணம் சொல்லாமல் அரைநாள் குளம் மூடியிருந்தால் இதுவாகவும் இருக்கலாம். பெரியவர்கள் குளத்தின் உண்மையான லாபம் இங்கேதான், மூடுவது குறைவு. ஒன்று மட்டும் நினைவில் வை: மூக்கைத் துளைக்கிற 'குளோரின் வாடை' சுத்தத்தின் அடையாளம் இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால்தான் அந்த வாடை வரும். கண்ணாடிக் கூரைக்குள் அப்படி அடித்தால் அன்றைக்கு இறங்காதே.

இனி உன் கால். பல கப்பல்களில் குளத்துக்குச் செங்குத்தான கம்பி ஏணிதான். படிக்கட்டு இருக்கிறதா, உட்காரவைத்து இறக்கும் லிஃப்ட் எந்தக் குளத்தில் இருக்கிறது என்று மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கான பிரிவில் கேட்கச் சொல். டிராவல் ஏஜெண்டுக்குத் தெரியாது. ஆழம் அதிகம் வேண்டாம். இடுப்பளவு நீரில் உடல் எடையில் பாதிதான் காலில் விழும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. உன் உயரத்துக்கு 1.2 மீட்டர் போதும். முதலில் பத்து நிமிடம் தண்ணீரில் நட, பிறகு நீந்து. உனக்குப் பிடித்த தவளை நீச்சலை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடு. அந்த உதை முழங்காலின் உள்பக்கத்தை முறுக்கும். தொடைகளுக்கு நடுவே மிதவை வைத்துக்கொண்டு கையால் மட்டும் போ. குளம் குட்டையாக இருந்தால் இடுப்பு பெல்ட்டோடு வருகிற ரப்பர் கயிறு வாங்கிக்கொள். ஏணியில் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நீந்தலாம். ஆனால் அங்கே கேட்டுவிட்டுக் கட்டு, சில கப்பல்களில் விடமாட்டார்கள்.

இரவு குளத்தின்மேல் கட்டிய வலையைக் காலையில் எடுத்ததும் முதல் ஆளாகப் போ. இல்லாவிட்டால் கப்பல் ஜூனோ, கெட்சிகன் மாதிரித் துறைமுகத்தில் நிற்கிற மத்தியானம்; எல்லாரும் ஊருக்குள் இறங்கிவிடுவார்கள், குளம் முழுக்க உன்னுடையது. உடை பற்றிக் கூச்சப்படாதே. முழுக்கையும் முழுக்காலும் மூடுகிற நீச்சல் துணி போட்டுக்கொள்ளலாம், பருத்திச் சுடிதாரோடு மட்டும் இறங்காதே. நீரை உறிஞ்சிக் கனத்துவிடும், இழையும் வடிகட்டியில் போய்ச் சிக்கும்.

சாரதா, இதைக் கவனமாகப் படி. டிஸ்னியிலும் ராயல் கரீபியனிலும் லைஃப்கார்ட் வைத்திருக்கிறார்கள். பல நிறுவனங்களில் ஒருவரும் கிடையாது. காலையில் தனியாகப் போகிறேன் என்று கிளம்பிவிடாதே. உன் வீட்டுக்காரர் நீந்தவேண்டியதில்லை, காபியோடு கரையில் உட்கார்ந்தால் போதும். ஹாட் டப்பில் தண்ணீர் 40 டிகிரிவரை இருக்கும். நீ பிரஷர் மாத்திரை போடுகிறவள், சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். டாக்டரிடம் கேட்காமல் அதில் இறங்காதே. தழும்பு முழுவதும் ஆறிவிட்டது என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் குளமே.

வியாழக்கிழமைக்குள் ரேடியன்ஸ் வகையில் வான்கூவரிலிருந்து என்னென்ன தேதி இருக்கிறது என்று மகளிடம் கேட்டு, கப்பலின் பெயரோடு எனக்கு அனுப்பு. டெக் பிளானை நான் பார்த்துவிடுகிறேன். அதுவரை வெள்ளிக்கிழமைப் பணத்தை நிறுத்திவைக்கச் சொல்.

அன்புடன்,
மீனா