இடைவெளி விட்ட இடத்தில் ஒரு ‘ப்’

இரணியல்,
ஐப்பசி, மழை சற்று ஓய்ந்த காலை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டது, பேத்தி ‘ழ’ எழுதப் பழகுவது, மாடி வீட்டுக்காரரோடு தண்ணீர்த் தொட்டிக்காக நடக்கும் வழக்கு எல்லாவற்றையும் படித்துவிட்டு உன் தங்கையிடம் கொடுத்தேன். அவள் முழங்காலைப் பற்றி மட்டும் இரண்டுமுறை கேட்டாள். முருங்கைக்கீரைச் சாறு குடிக்கச் சொல்கிறாள். குடிப்பதும் குடிக்காததும் உன் பாடு, குடித்ததாக எழுதிவிடு.

கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தாய்: ‘அந்த மூக்கில்லாத வண்டி இருக்கிறதா, இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டாயா?’ பதில் தாமதமானதற்கு அந்தக் கேள்விதான் காரணம். வண்டி நூறு துண்டாகத் தென்னையடியில் கிடந்தது. ‘இருக்கிறது’ என்று எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று பயந்தேன். இப்போது பாதி சேர்ந்துவிட்டது, எழுதலாம்.

மஹிந்திராவின் எஃப்.சி. (ஃபார்வர்ட் கண்ட்ரோல்) பிக்கப்பை இந்தத் தலைமுறைக்கு விளக்குவது பெரும்பாடு. ஜீப்பின் முகத்தைச் சுவரில் அறைந்து தட்டையாக்கியது போல இருக்கும் என்றுதான் பேரனிடம் சொன்னேன். என்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்காது. ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில் ஒரு பெட்டிக்குள் கொதித்துக்கொண்டிருக்கும். மலையேறும்போது என் இடது தொடை வெந்ததும், வலது தொடை வெந்த நீ அதற்கு என்னைத் திட்டியதும் நினைவிருக்கும். உனக்குச் சரித்திரம் பிடிக்கும் என்பதால் ஒரு செய்தி. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் இந்த வடிவத்தை வெளியிட்டது 1956இல். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த அதே ஆண்டு. அங்கே 1965இல் நிறுத்திவிட்டார்கள், இங்கே மஹிந்திரா விடாமல் செய்துகொண்டிருந்தது. நம் வண்டி 1971இல் பிறந்தது. அப்பா அதை மலைத்தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து 1976இல் வாங்கினார்.

சித்திரையில் பேரன் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து வண்டியில் ஒட்டி விளையாடினான். முன்பக்கத்தில் ஒட்டியது. ஓட்டுநர் பக்கக் கதவின் அடியில் ஒட்டவில்லை, நழுவி விழுந்தது. பின்மூலையிலும் அப்படியே. ‘பாட்டா, வண்டி பிளாஸ்டிக்கா?’ என்று கேட்டான். பிளாஸ்டிக் இல்லை, ஓட்டை அடைக்கப் பூசும் பட்டி. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பட்டறையில் விட்டேனே, பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்களே, அந்தப் பளபளப்பின் கீழே இருந்தது இரும்பு இல்லை. துருப்பிடித்த ஓட்டைக்குள் கோணிக் கந்தலைத் திணித்து, அதன்மேல் விரல் கனத்துக்குப் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சுத்தியலால் மெல்லத் தட்டியதும் ஓடு ஓடாக விழுந்தது. கோணி அப்போதும் ஈரமாக இருந்தது.

வயதாகித்தான் வண்டி கெட்டது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். பிரித்துப் பார்த்தபின் அந்த எண்ணம் போய்விட்டது. வெயிலும் மழையும் நேராகப் பட்ட இடமெல்லாம் பெயிண்ட் வெளுத்துப்போனதே தவிர தகடு நன்றாக இருந்தது. செத்துப்போனவை எல்லாம் நாங்கள் அக்கறையோடு மூடி வைத்த இடங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிய மூன்று துளைகள் உண்டு, பட்டி அடித்தவர்கள் அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். கண்ணாடி வழியே இறங்கிய மழைநீருக்கு வெளியே போக வழி இல்லை. பின்தளத்தில் பலகை தேயக்கூடாது என்று அப்பா பிளைவுட் போட்டார், பிளைவுட் தேயக்கூடாது என்று நான் அதன்மேல் ரப்பர் பாய் விரித்தேன். தம்பி இரண்டு ஆண்டு குளச்சலிலிருந்து மீன் ஏற்றினான் அல்லவா, ஐஸ் உருகி வடிந்த உப்புத்தண்ணீர் அந்தப் பாய்க்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் குடியிருந்திருக்கிறது. உப்பு இருந்தால் இரும்பு காயவே காயாது. காற்றிலுள்ள ஈரத்தை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும், துருவும் நிற்காது. நமக்குக் கடல் கூப்பிடு தூரம், மழையோ ஆனியிலும் வரும் ஐப்பசியிலும் வரும். இதில் நான் பாய் வேறு விரித்திருக்கிறேன்.

தகடு வேலை பார்க்கும் டிங்கர் மேஸ்திரி ஒருவர் வீட்டுக்கே வந்து வேலை செய்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், காது கொஞ்சம் மந்தம், அபிப்பிராயத்தில் மந்தமே இல்லை. ‘எல்லாவற்றையும் புதிதாக மடக்கிப் போட்டுவிடலாம்’ என்பது அவர் கட்சி. ‘இருப்பதை வைத்துக்கொண்டு செத்ததை மட்டும் வெட்டலாம்’ என்பது என் கட்சி. வாரத்துக்கு இரண்டு சண்டை, சண்டைக்கு இரண்டு தேநீர். கதவுகளில் நான் வென்றேன். அடியில் ஐந்து விரற்கடை உயரத்துக்கு வெட்டியெடுத்து, 18 கேஜ் தகட்டில், அதாவது 1.2 மில்லிமீட்டரில், அதே வளைவு மடக்கி வைத்தார். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்துத்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன், ஏற்றி வைத்தால் அந்த இடுக்கில் மறுபடியும் தண்ணீர் தங்கும். அவர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார், ஆனால் என்ன அழகாகச் செய்தார் தெரியுமா! ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுத்தால் சூட்டில் தகடு அப்பளம் போல் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, நடுவில் ஈரத்துணி. ஒரு கதவுக்கு முழுப் பகல். மட்கார்டில் அவர் வென்றார். அதில் வெட்டிய பிறகு மிச்சம் வைக்க ஒன்றுமே இல்லை.

மணல் வீசித் துரு எடுக்கும் யோசனையை மருமகன் சொன்னான். அடிச்சட்டமான சேஸிக்கும் பம்பருக்கும் மட்டும் செய்தோம். மெல்லிய தகட்டின் அகலமான பரப்பில் அந்த வேகத்தில் மணல் அடித்தால் தகடே வயிறு தள்ளிவிடும். கதவுக்கும் கேபின் கூரைக்கும் கம்பி பிரஷ்தான், கைவலிதான்.

பிறகு நான் செய்த ஒரு முட்டாள்தனம். ஆவணியில் வேலை முடிந்த பாகங்களுக்கு ரெட் ஆக்சைடு என்கிற சிவப்பு அடிப்பூச்சு அடித்துக் கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டு, இனி கவலை இல்லை என்று தங்கை வீட்டுத் திருமணத்துக்குப் போனேன். பத்து நாளில் வந்து பார்த்தால் சிவப்புக்குள்ளே இன்னொரு சிவப்பு. அந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், மேலே பெயிண்ட் ஏறாமல் மழைக்காலத்தில் விட்டுவைக்கக் கூடாது. மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாய்க்குள்ளே ஒரு பாட்டு மட்டும் பாடினார். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் அடித்தோம். விலையைச் சொன்னால் உன் தங்கை படிப்பாள், அதனால் எழுதவில்லை.

பின்தளத்துக்கு வருகிறேன். அலுமினியச் செக்கர் ஷீட் போட்டு ரிவெட் அடித்தால் துருவே பிடிக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அலுமினியம் துருப்பிடிக்காதுதான். ஆனால் இரும்புச் சட்டத்தோடு ஒட்டி நடுவில் உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் ரிவெட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரைந்துபோகும். குளச்சலில் மீன் வண்டிகளை எட்டிப் பார்த்தாலே தெரியும். நம் ஊர்க்காரன் படகுக்கு எதை நம்பினானோ அதையே நம்பினேன். கிழக்கு வேலியோரம் புயலில் சாய்ந்த அயனி மரம் அறுத்து மூன்று ஆண்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஆசாரி ஒன்பது பலகை தேற்றினார். பலகைக்கும் பலகைக்கும் இடையில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு இடைவெளி. தண்ணீர் வரட்டும், போகட்டும். இந்த முறை பாய் இல்லை. விரிப்பவன் கையை முறிப்பதாக வீட்டில் அறிவித்திருக்கிறேன்.

கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் கல்லாக இறுகி வெடித்திருந்தது. இதில்தான் ஒரு வேடிக்கை. முந்நூறு ரப்பர் மரம் பால்வெட்டும் தோட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் ரப்பரில் செய்த பீடிங் வேண்டாம் என்று கடையில் சொல்லவேண்டியிருந்தது. இயற்கை ரப்பர் டயருக்கு ராஜா, வெயிலுக்கும் காற்றிலுள்ள ஓசோனுக்கும் கோழை. இழுத்துப் பொருத்தி வெளியே விட்டால் கோடு கோடாக வெடிக்கும். அங்கே இ.பி.டி.எம். என்கிற செயற்கைச் சரக்குதான் நிற்கும். பால்வெட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை, விலை ஏறுமா என்று மட்டும் கேட்டார்.

பழைய பீடிங்கை உரித்தபோது அதன் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு முதல் பெயிண்ட் இருந்தது. வெயில் காணாத பச்சை, வாழைக்குருத்துக்கும் பாசிக்கும் நடுவில் ஒரு நிறம். அப்பா வாங்கும் முன்பே நீலம் அடித்திருக்கிறார்கள், நாம் ஒருவரும் இதைப் பார்த்ததே இல்லை. அந்தப் பச்சையைத்தான் கலக்கச் சொல்லியிருக்கிறேன், கூரைக்கு மட்டும் வெள்ளை. பெயிண்டின் வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடுதான் மூலம், அது இல்மனைட்டிலிருந்து வருகிறது, இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கருமணலில் இருக்கிறது. கருமணலிலிருந்து வெள்ளை! சிறுவயதில் கால் சுட ஓடிய அந்த மணல்தான், மக்கா.

ஹெட்லைட் வட்டம் ஏழு அங்குலம், இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. கதவுக் கைப்பிடிகளில் முலாம் கொப்பளித்திருந்தது. மேலே மின்னும் குரோமியம் ஒரு மைக்ரான் கூட இருக்காதாம், காவல் காப்பது அடியிலுள்ள நிக்கல்தான் என்று முலாம் போடுபவர் விளக்கினார். ஒன்றுக்கு முலாம் போட்டோம், மற்றொன்று பழைய இரும்புக்கடையில் கிடைத்தது. ஜோடி சேரவில்லை. சேராமலே இருக்கட்டும்.

ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விதிப்படி ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனிப் பதிவு வாங்கலாம் என்று மகன் சொன்னான். 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது, வணிகத்துக்குக் கூடவே கூடாது. திங்கள்சந்தைக்குத் தேங்காய் ஏற்றிப் போக முடியாத வண்டியை வைத்து நான் என்ன செய்ய? சாதாரணப் பதிவையே புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறேன்.

இனி உன் விஷயம். பின்கதவு.

1979 மார்கழியில் அதில் நீ எழுதியது நினைவிருக்கும். ‘இடைவெளி விட்டு பின்தொடரவும்’. மறுநாள் காலை தமிழையா சைக்கிளில் பின்னால் வந்து, வண்டியை மறித்து, அப்பாவை இறங்கச் சொல்லி, வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்று நடுரோட்டில் பாடம் எடுத்தார். பின்னால் பஸ் நின்றது. அப்பா ஐந்தாம் வகுப்பு, அவருக்குப் புரிந்ததெல்லாம் ‘உம் வண்டியில் பிழை’ என்பதுதான். சாயங்காலம் நீ பிரஷோடு வந்து ‘விட்டு’க்கும் ‘பின்’னுக்கும் நடுவில், இடமே இல்லாத இடத்தில், கடுகளவு ‘ப்’ ஒன்றைச் செருகினாய். இடைவெளி விடச் சொல்லி எழுதியவன் ஓர் எழுத்துக்கு இடைவெளி விடவில்லையே என்று அப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

மேஸ்திரி அந்தக் கதவை முழுதாக மாற்றச் சொன்னார். ஒரு நாள் வேலை, புதுத் தகடு, செலவும் குறைவு. இதில் மட்டும் சண்டை போடவில்லை, கையெடுத்துக் கும்பிட்டேன். அடிவிளிம்பை மட்டும் வெட்டி மாற்றியிருக்கிறார். உன் எழுத்துகள் மங்கலாக, ஆனால் முழுசாக இருக்கின்றன. கதவு முழுவதற்கும் பச்சை அடித்தாலும் அந்தப் பட்டையை மட்டும் நீலத்தோடு விட்டுவைக்கப் போகிறோம்.

ஓர் எழுத்தைத் தவிர. சங்கிலியின் கொண்டி நாற்பது ஆண்டாக ஆடி ஆடி ஒரே இடத்தில் இடித்து, பெயிண்ட் பெயர்ந்து, துரு ஏறி, எட்டணா அளவுக்கு ஓட்டை. சரியாக அந்த ‘ப்’ இருந்த இடம். ஓட்டையை அடைத்தாயிற்று. இப்போது அங்கே பிரைமர் பூசிய சாம்பல் வட்டம் ஒன்று இருக்கிறது, ‘விட்டு’க்கும் ‘பின்’னுக்கும் நடுவில்.

இந்த ஈரக் காற்றில் பெயிண்ட் அடித்தால் வெளிறிப் பூத்துவிடும் என்பதால் தை பிறக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வா. கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். முதல் ‘ப்’பும் நேராக இருந்ததில்லை. நாகர்கோவில் ரயில் நிலையத்தில் வண்டியோடு வந்து நிற்கிறேன், முன்னிருக்கையில் உட்காரத் தடித்த வேட்டியாகக் கட்டிக்கொண்டு வா. வெள்ளைப் பெயிண்ட் என்னிடம் இருக்கிறது. பிரஷ் நீ கொண்டு வா, இங்கே கிடைப்பவற்றில் முடி உதிர்கிறது.

உன்,
பழைய வண்டிக்காரன்