ரெசினும் 'சம அளவு' என்ற ஒரு வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எபாக்சி ரெசின் என்பது ஹார்ட்னர் என்னும் இன்னொரு திரவத்தோடு கலந்தால் கண்ணாடிபோல் இறுகும் பிசின். அதைக் கொண்டு செய்யும் கைவினை பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை, 'ரெசினையும் ஹார்ட்னரையும் சம அளவில் கலந்து அச்சில் ஊற்றவும்' என்று ஒரே வரியில் செய்முறையை முடித்துவிட்டது. புதிதாக ஒரு ரெசினை வாங்கிப் பார்ப்பவர்களை இந்த வரி கவிழ்த்துவிடும். விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்: 1:1 உண்டு, 2:1 உண்டு, 3:1-ம் உண்டு. அது எடைக்கா, கன அளவுக்கா என்பதையும் புட்டியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரெசின் மில்லி லிட்டருக்குச் சுமார் 1.15 கிராம் இருக்கும். ஹார்ட்னர் லேசானது, பெரும்பாலும் 0.95 கிராம் அளவில்தான். கன அளவில் 2:1 என்று போட்டிருப்பதைத் தராசில் வைத்து 60 கிராமுக்கு 30 கிராம் என்று நிறுத்தால், ஹார்ட்னர் ஐந்தில் ஒரு பங்கு கூடிப்போகும். கூடினால் சீக்கிரம் இறுகாதா என்று கேட்பவர்கள் பாலியெஸ்டர் என்ற வேறு வகை ரெசினில் பழகியவர்கள். அங்கே சேர்ப்பது 1 முதல் 2 சதவீத வினையூக்கி. கூட்டினால் வேகம் கூடும். எபாக்சியிலோ ஹார்ட்னரும் பொருளோடு பொருளாகச் சேர்ந்து இறுகுவது. இணை கிடைக்காமல் மிஞ்சியது உள்ளேயே தங்கிவிடும். பிறகு ஒரு வாரம் காத்திருந்தாலும் வார்த்தெடுத்த வில்லை ரப்பர் மாதிரி வளையும், தொட்டால் பிசுபிசுக்கும்.

ஆகவே புதுப் புட்டியைத் திறந்ததும் 30 கிராம் மட்டும் கலந்து பார்ப்பதே சரி. மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். கோப்பையின் சுவரையும் அடியையும் குச்சியால் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு இன்னொரு கோப்பைக்கு மாற்றி மேலும் ஒரு நிமிடம். முதல் கோப்பையின் சுவரில் ஒட்டியிருக்கும் படலம் சரியாகக் கலந்திருக்காது. அதையும் சுரண்டி அச்சில் விட்டால், மற்ற இடமெல்லாம் கண்ணாடியாக இறுகி அந்த ஒரு திட்டு மட்டும் ஒட்டும். அறையின் வெப்பநிலை, கலந்த நேரம், குச்சியைத் தூக்கினால் நூல் இழுக்கும் நேரம், நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நேரம் இவற்றைக் குறித்து வைத்தால் அடுத்த வேலைக்கு அதுவே கணக்கு.

மேற்பூச்சு ரெசின் வேறு, அச்சில் வார்க்கும் ரெசின் வேறு. மேற்பூச்சு வகையை ஒரு தடவைக்குச் சுமார் 3 மில்லி மீட்டருக்கு மேல் ஊற்றினால் சூடேறி மஞ்சளிக்கும், விரிசல் விடும். கலந்த 200 கிராமைக் கோப்பையிலேயே மறந்து வைத்தால் புகையக்கூடக் கூடும். வார்ப்பு வகையை மெல்லிசாக ஊற்றினாலோ தலைகீழ்: இறுகத் தேவையான சூடு சேராமல் நாள் கணக்கில் மெத்தென்று கிடக்கும்.

குமிழ் வருகிறதென்றால் பெரும்பாலும் ரெசின் குளிர்ந்து கெட்டியாக இருக்கிறது. மூடிய ரெசின் புட்டியை 40 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் வைத்து, வெளிப்புறத்தை ஈரமில்லாமல் துடைத்த பிறகே திறக்க வேண்டும். சூடாக்கியது வேகமாக இறுகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மரப்பலகை என்றால் அதன் துளைகளிலிருந்தே காற்று வரும். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து அடைத்துவிடலாம். பூக்களை முழுக்க உலர்த்தாமல் பதித்தால் உள்ளேயே பழுப்பேறும். நிறமி கலவையின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டாதிருப்பது நல்லது.

இரண்டாவது அடுக்கை, முதல் அடுக்கு விரலில் ஒட்டாமல் லேசாகப் பிசுக்கும்போதே ஊற்றினால் ஒன்றோடொன்று பிணையும். இறுகிவிட்டதென்றால் சோப்புநீரால் கழுவி, காய்ந்த பிறகு 220 எண் உப்புத்தாளால் தேய்க்காமல் ஊற்றக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த நாளில் மேலே மெழுகுபோல் ஒரு படலம் படியும். கழுவாமல் தேய்த்தால் அது பரவத்தான் செய்யும்.

கட்டுரையோடு வந்த படத்தில் வெறுங்கையால் கலக்குகிறார்கள். வாசனையே இல்லாத ரெசினும் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமையைக் கொண்டுவரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு துளி பட்டாலே தடிக்கும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டம், உப்புத்தாள் போடும்போது தூசிக்கான முகக்கவசம் ஆகியவை கட்டாயம். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். அசிட்டோன் போட்டுத் துடைக்கக் கூடாது. விகிதம் பற்றிய வரியோடு அந்தப் படத்துக்கும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ரெசின் கைவினை கற்றுத்தரும் இருவர்