ஆய்வகத்துக்குப் போகும் ஆசிரியர் கையில் ஒரு கேள்வி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் ஆசிரியர்களை விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு அனுப்பலாம் என்று வாசகர் பகுதியில் வந்த யோசனையை வரவேற்கிறோம். ஆனால் அனுப்பினால் மட்டும் போதாது. இரண்டு நாள் சுற்றிக் காட்டி, குழுப்படம் எடுத்து, சான்றிதழோடு வழியனுப்புவதையும் இதே பெயரில் செய்துவிட முடியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் இது கோடைகால ஏற்பாடு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் பல பல்கலைக்கழகங்கள் பள்ளி ஆசிரியர்களைச் சில வாரங்கள் ஆய்வுக் குழுவில் சேர்த்துக்கொள்கின்றன, உதவித்தொகையும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகம் 1990இல் தொடங்கிய திட்டத்தில் ஆசிரியர்கள் அடுத்தடுத்த இரண்டு கோடைகளில் எட்டெட்டு வாரம் வேலை செய்தார்கள். அவர்களுடைய மாணவர்களின் தேர்ச்சி பற்றிய ஆய்வு 2009இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஆசிரியர் திட்டத்தில் சேர்வதற்கு முன், அதே பள்ளியின் மற்ற ஆசிரியர்களுடைய மாணவர்களோடு ஒப்பிட்டால் தேர்ச்சியில் வேறுபாடு இல்லை. சேர்ந்த மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் மாநில அறிவியல் தேர்வில் தேர்ச்சி ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியிருந்தது. போய் வந்த கையோடு பலன் கேட்கும் நிர்வாகங்கள் அந்த ‘மூன்றாம் ஆண்டை’க் கவனிக்க வேண்டும்.

மலேசியாவில் நமக்குக் கோடை விடுமுறை கிடையாது. பள்ளிக்கு நீண்ட விடுமுறை ஆண்டு இறுதியில் வருகிறது. பல்கலைக்கழகங்களில் அப்போது பருவ வகுப்புகள் நடக்கும், மாணவர்களுக்கான போதனை ஆய்வகங்களில் இடம் இருக்காது. முனைவர் பட்ட மாணவர்கள் ஆண்டு முழுக்க வேலை செய்யும் ஆய்வுக் குழுக்களைத்தான் அணுக வேண்டும். பினாங்கில் மிண்டன் வளாகத்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும், முக்கா ஹெட்டில் உள்ள அதன் கடல், கரையோர ஆய்வு மையமும் இருக்கின்றன. கோலாலம்பூர்க்காரர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகம், அதன் ரிம்பா இல்மு பூங்கா, உலு கோம்பாக் கள ஆய்வு நிலையம். குளுகோரில் 1967 முதல் இயங்கும் ரெக்சாம் என்ற தென்கிழக்காசிய அறிவியல், கணிதக் கல்வி மையம் கற்பித்தல் பயிற்சிக்கான இடம். அதுவும் தேவைதான், ஆனால் நாங்கள் சொல்லும் ஆய்வகப் பயிற்சி வேறு.

துறைத் தலைவருக்குப் பொதுவாக எழுதிய கடிதம் பெரும்பாலும் கோப்பிலேயே தூங்கிவிடும். குறிப்பிட்ட ஓர் ஆய்வாளருக்கு அரைப் பக்கம் எழுதினால் போதும்: எந்த ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம், எந்தெந்த வாரம் வர முடியும், எந்த ஒரு கேள்விக்கு விடை தேடுகிறோம். அவர் தரும் ஒப்புதல் கடிதத்தைத் தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கொண்டுபோக வேண்டும். டிசம்பரில் போவதற்கு ஜூனிலேயே தொடங்கினால்தான் முடியும். மாணவர்களிடமே தகவல் திரட்டுவதாக இருந்தால் கல்வி அமைச்சின் ஈராஸ் (eRAS) என்ற இணைய விண்ணப்ப முறை வழி தனி அனுமதி வேண்டும்; முதல் தடவை அதில் இறங்க வேண்டாம். நுழைவு அட்டை, காப்புறுதி, பாதுகாப்பு விளக்கம் மூன்றையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாரம் அலைச்சலிலேயே போய்விடும்.

இனி அந்தக் கேள்வி. பள்ளியில் செய்யக்கூடிய ஓர் எளிய முறையை எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு தவறுகிறது என்று ஆய்வகத்தில் அளந்து வருவதே ஒரு மாதத்துக்கு ஏற்ற வேலை என்பது எங்கள் கருத்து. கடற்கரை மணலில் நுண்நெகிழியை, அதாவது 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களை, தேடுவதைப் பாருங்கள். பத்து ஃபெரிங்கியில் அலை ஏறி நின்ற கோட்டில், அரை மீட்டர் சதுரத்தில், மேல் 5 சென்டிமீட்டர் மணலை உலோகக் கரண்டியால் அள்ளிக் கண்ணாடிப் போத்தலில் போட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது; அதுவே துகள் உதிர்க்கும். மணலை 60 பாகையில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி, 5 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் சில நெகிழிகள் இளகி உருமாறும்.

அடுத்தது உப்புக் கரைசல்: அதில் மணல் அடியில் தங்கும், இலேசான நெகிழி மேலே மிதக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 360 கிராம் உப்பு, அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கும் வரை. கடையில் வாங்கும் உப்பிலேயே நுண்நெகிழி இருக்கலாம் என்பதால் கரைசலை முதலில் வடிகட்ட வேண்டும். இதை மறந்தால் மணலில் இருந்ததையும் உப்பில் இருந்ததையும் சேர்த்தே எண்ணுவோம். 50 கிராம் மணலுக்கு 150 மில்லிலிட்டர் கரைசல் ஊற்றி, இரண்டு நிமிடம் கலக்கி, மூடி, ஓர் இரவு விட்டுவிட்டு, மேல்நீரை வடிதாளில் இறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். பக்கத்திலேயே ஈரமான வடிதாள் ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். அதில் விழும் நார்கள் காற்றிலும் நம் உடையிலும் இருந்து வந்தவை. அந்த எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ளாத முடிவுக்கு மதிப்பில்லை. பாலியெஸ்டர் சட்டையோடு மேசையில் உட்கார்ந்தால் அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை சொன்னதைப் பள்ளியிலேயே செய்யலாம். ஆனால் நிறைவுற்ற உப்புக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.2தான் (தண்ணீருக்கு 1). பைகளின் பாலிஎத்திலீன், மூடிகளின் பாலிபுரோப்பிலீன் இரண்டும் 1க்குக் குறைவு என்பதால் மிதக்கும். தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் (PET) நெகிழி சுமார் 1.38, அது மணலோடு அடியில் தங்கிவிடும், பிவிசியும் அப்படியே. அடர்த்தி கூடிய சிங்க் குளோரைடு கரைசலில் அவையும் மிதக்கும். அது அரிக்கும் பொருள், மாணவர்கள் கையில் தரக்கூடாது. ஆய்வகத்தின் உதவி இங்கேதான் வேண்டும். சுத்தமான மணலில் வண்ணப் பைத் துண்டு 20, போத்தல் துண்டு 20 கலந்து இரண்டு கரைசலிலும் எத்தனை மீள்கின்றன என்று எண்ண வேண்டும். ஐந்து முறையாவது திரும்பச் செய்தால் நம் பள்ளி முறை எதை, எவ்வளவு தவறவிடுகிறது என்று எண்ணால் சொல்ல முடியும். அறிவியல் விழாவில் நடுவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவையே. பேராசிரியர் டிசம்பரில் மாநாட்டுக்குப் போய்விடுவார். ஆகவே பொறுப்பேற்கும் இரண்டாம் ஆளின் பெயர் ஒப்புதல் கடிதத்திலேயே இருக்க வேண்டும். வேறொருவரின் ஆய்வுக்குக் குழாய் கழுவவும் பெயர் ஒட்டவும் ஆசிரியரை உட்கார வைப்பார்கள். கொஞ்சம் செய்து கொடுக்கலாம், அது மரியாதை. நாளில் பாதிக்கு மேல் போனால் கேட்டுவிட வேண்டும். விலை உயர்ந்த கருவியில் மயங்கி மாதம் முழுவதையும் அங்கேயே கழித்தவர், ஜனவரியில் வகுப்புக்கு வெறுங்கையோடுதான் வருவார்.

பள்ளி மேலாளர் வாரியங்களிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் நாங்கள் கேட்பது இதுதான்: இன்னொரு மின்திரைப் பலகைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஓர் ஆசிரியரின் ஒரு மாதப் போக்குவரத்துக்கும், திரும்பி வந்தபின் சல்லடை, பூதக்கண்ணாடி, வடிதாள், 0.1 கிராம் தராசு வாங்கவும் ஒதுக்குங்கள். அந்த முடிவை மே மாதக் கூட்டத்திலேயே எடுத்தால் ஜூனில் கடிதம் போய்விடும்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
குளுகோர், பினாங்கு