ஐந்து டாக்டர்கள் இருந்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தனியார் மருத்துவமனைக் கட்டணம் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். எனக்குப் பணத்தைவிட வேறொன்றுதான் பெரிய அலைக்கழிப்பாக இருந்தது.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வயது 78. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொஞ்சம் சிறுநீரகக் கோளாறும் உண்டு. தனியார் மருத்துவமனையில் 9 நாள் இருந்தோம். எலும்பு, இதயம், சர்க்கரை, சிறுநீரகம், மயக்க மருந்து என்று ஐந்து டாக்டர்கள். எல்லோருமே கெட்டிக்காரர்கள்தான். ஆனால், காலையில் ஒருவர் எழுதிய வலி ஊசியை, சிறுநீரகத்துக்கு ஆகாது என்று மாலையில் இன்னொருவர் அடித்து நீக்கினார். மறுநாள் அதே ஊசி மறுபடியும் சீட்டில் ஏறியிருந்தது! கண்டுபிடித்தது சிஸ்டர். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டால், "கார்டியோ சார் சொல்லட்டும்" என்பார்கள். அவரைக் கேட்டால், "ஆர்த்தோ சார்கிட்ட கேளுங்க." ராத்திரியில் இருந்த டியூட்டி டாக்டர், பாவம், சின்னப் பையன், எதற்கெடுத்தாலும் யாருக்காவது போன் போட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில், மருத்துவமனையில் படுத்திருப்பவரின் முழுப் பொறுப்பையும் ஏற்றுப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு டாக்டர் உண்டு. 'ஹாஸ்பிட்டலிஸ்ட்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்து, ராபர்ட் வாக்டர், லீ கோல்ட்மன் என்ற இரு டாக்டர்கள் 1996இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். வெளியே கிளினிக் வைத்து ஓடுகிற வேலையில்லை, வார்டில் படுத்திருப்பவர்களைப் பார்ப்பதுதான் முழு வேலை. பரிசோதனை முடிவு வந்ததும் மருந்தை மாற்ற ஆள் அங்கேயே இருக்கும்.

நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யூனிட் முறை இருக்கிறது; ஒரு தலைமை டாக்டரின் கீழ் இயங்கும் குழுதான் யூனிட், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு யூனிட் பொறுப்பு. எவ்வளவு கூட்டமானாலும் "இவர் எந்த யூனிட்?" என்று கேட்டால் பதில் உண்டு. தனியாரில் வார்டுக்கு ஒரு பொது மருத்துவரைப் போட்டு, கட்டிலருகே அவர் பெயரை எழுதி வைத்தால் என்ன?

ஒரு சிக்கலும் இருக்கிறது. வார்டு டாக்டருக்கு நோயாளி புது ஆள். 20 வருடமாகப் பார்க்கிற குடும்ப டாக்டரிடம் அவர் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். எங்களுக்கு அதுவும் நடக்கவில்லை. நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியை எங்கள் டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன். ஒரே பிரஷர் மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. பேனாவை எடுத்து ஒன்றை அடித்துவிட்டு, "ரெண்டையும் எத்தனை நாளா குடுத்தீங்க?" என்றார்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை